துகளை எந்தப் படத்தில் காட்டுவது? வளையம், உருண்டை, மேகம், தடம், கோட்டுப்படம்: ஓர் ஒப்பீடு

அணுவைப் பற்றிக் கட்டுரையோ காணொலியோ வகுப்புக்கான ஸ்லைடோ தயார் செய்பவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது, இனி படம் போட வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் வருவது பழகிய படம்தான்: நடுவில் சிவப்பும் நீலமுமாக ஒட்டிக்கொண்ட உருண்டைகள், சுற்றிலும் வளையங்கள், வளையத்தின் மேல் ஓடும் சின்ன மணிகள். 'இது தப்பான படம்' என்று எங்கேயோ படித்த ஞாபகம் வரும். சரியான படத்தைத் தேடினால் மங்கலான மேகம் வருகிறது, அலையடிக்கும் விரிப்பு வருகிறது, கறுப்புப் பின்னணியில் சுருள் சுருளான வெள்ளைக் கோடுகள் வருகின்றன, அம்புக்குறி போட்ட கோட்டுப்படங்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும்.

"இதில் எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு அணு பற்றிப் பேசப் போகும்போது நானும் பல வருடம் இதே கேள்வியோடு திண்டாடியிருக்கிறேன். இப்போது எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. துகளையே வரையும் படங்களைவிட, துகள் விட்டுச் சென்ற அடையாளத்தைக் காட்டும் படங்கள்தான் தொடக்கத்துக்கு நல்லவை. மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

'நிஜமாக இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியால் இங்கே எதையும் தீர்மானிக்க முடியாது. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அணுவின் அகலமோ ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். புரோட்டானின் ஆரம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது, சுமார் 0.84 ஃபெம்டோமீட்டர் (நானோமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர்). நம் கண்ணுக்குப் பழகிய பொருளில் அங்கே நிறமும் இல்லை, பளபளப்பும் இல்லை, நிழலும் இல்லை. எலக்ட்ரானுக்கு அகலம் இருக்கிறதா என்று புரோட்டானில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கித் துருவிப் பார்த்தும் எதுவும் தென்படவில்லை. ஆகவே 'அப்படியே இருப்பதுபோல' ஒரு படம் யாராலும் போட முடியாது.

நான் பார்ப்பது இந்த நான்கை:

1. படம் எங்கிருந்து வந்தது? கருவி பதிவு செய்ததா, சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டதா, அல்லது ஓவியர் கற்பனையா?
2. இல்லாத எதைத் துகளுக்குக் கொடுக்கிறது? மேற்பரப்பு, நிறம், திட்டமான பாதை, பொருந்தாத அளவு விகிதம் போன்றவை.
3. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? இதைக் கேட்காமல்தான் பாதித் தவறு நடக்கிறது.
4. மறைவான செலவு என்ன? படம் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் பார்த்தவர் மனதில் பதிந்துபோன தவறான எண்ணத்தை அப்புறம் பிடுங்க எத்தனை வகுப்பு, எத்தனை பக்கம் ஆகும்?

நான்காவதுதான் எனக்கு முக்கியம். மலிவாகத் தெரியும் படம் பல நேரம் அதிக விலையுள்ளதாக ஆகிவிடுகிறது.

## வளையப் படம்: சூரியக் குடும்பம் போன்ற அணு

1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் ஒரு சிறிய கரு இருப்பதைக் கண்டறிந்தார். 1913-இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் அந்தக் கருவைச் சுற்றி எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட பாதைகளை மட்டும் அனுமதித்து ஒரு மாதிரியைக் கொடுத்தார். ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகளை அது அழகாக விளக்கியது. 1920-களின் நடுவிலேயே அதைவிட நல்ல கோட்பாடு வந்துவிட்டது. படம் மட்டும் நூறு வருடத்துக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் குறை அளவு விகிதம். பக்கத்தில் அணுக்கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வரைந்தால், ஹைட்ரஜனின் எலக்ட்ரானை 30 மீட்டருக்கு அப்பால் வரைய வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அதற்கு இடமில்லை என்பது புரிகிறது. ஆனால் அதைச் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. படத்தைப் பார்ப்பவர் அணுவை நெருக்கமான ஒரு பொட்டலமாக நினைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மின்னூட்டம் கொண்ட ஒரு மணி உண்மையாகவே வளையத்தில் சுற்றினால், பழைய இயற்பியலின்படி அது ஆற்றலை ஒளியாக இழந்து கருவில் விழுந்துவிடும். ஹைட்ரஜனுக்குக் கணக்குப் போட்டால், ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிப் பங்காக்கினால் வரும் இரண்டு பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதாவது இந்தப் படத்தில் இருக்கும் அணு நிலைத்து நிற்காது. போதாக்குறைக்கு, ஹைட்ரஜனின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, பூஜ்யம். சுற்றுவதைக் காட்டும் படத்தில், சுற்றவே சுற்றாத ஒன்றை ஓடவிட்டிருக்கிறோம்.

மறைவான செலவு: 'எலக்ட்ரான் இப்போது எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்குத் திட்டவட்டமான பதில் எப்போதும் உண்டு என்று மனதில் பதிந்துவிடும். குவாண்டம் இயற்பியல் முழுவதும் இந்த எண்ணத்தோடுதான் மோதுகிறது.

எப்போது இதுவே நல்லது: ஒரு தனிமத்தின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள், எது எதோடு சேரும் என்று எண்ணிக் காட்டும்போது. அங்கே வளையம் என்பது பாதை இல்லை, கணக்குப் பெட்டி. அந்த வேலைக்கு இதைவிட வேகமான படம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றல் நிலைகளைக் காட்டவேண்டுமென்றால் வளையத்தை எடுத்துவிட்டு ஏணியாக வரையுங்கள். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஓர் அம்பு, பக்கத்தில் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளி. போர் சாதித்தது முழுவதும் அதில் வந்துவிடும், பொய்ப் பாதை வராது.

## உருண்டைப் படம்: புரோட்டானுக்குள் மூன்று குண்டு

பெரிய உருண்டைக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னக் குண்டுகள்: புரோட்டானை ஆக்கும் குவார்க்குகள். நடுவே சுருள்கம்பி மாதிரி, குவார்க்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் குளுவான்கள். குவார்க்குகளைப் பற்றி எதைத் தேடினாலும் இதுதான் முன்னால் வரும்.

ஒரு விஷயத்தை இது நன்றாகச் சொல்கிறது. 'மேல்' (up) என்ற வகைக் குவார்க்குகள் இரண்டு, தலைக்கு மூன்றில் இரண்டு பங்கு மின்னூட்டம். 'கீழ்' (down) என்ற வகைக் குவார்க் ஒன்று, கழித்தல் மூன்றில் ஒரு பங்கு. கூட்டினால் 1. புரோட்டானுக்கு ஏன் ஒரு அலகு நேர் மின்னூட்டம் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். அதற்காக இந்தப் படத்தைப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நிறைக்கு வந்தால் படம் உடைகிறது. புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையை ஆற்றல் அலகில் சொல்வது வழக்கம்). அந்த மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் 9-க்குப் பக்கத்தில்தான் வருகிறது, நூற்றில் ஒரு பங்கு. மீதி எல்லாம் குளுவான் புலத்தின் ஆற்றலிலும் குவார்க்குகளின் இயக்கத்திலும் இருக்கிறது. ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை ஓடிய ஹீரா என்ற துகள் முடுக்கியில் எலக்ட்ரானைப் புரோட்டானோடு மோதவிட்டுப் பார்த்தபோது, உள்ளே குளுவான்களும் தோன்றி மறையும் குவார்க் இணைகளும் நெரிசலாக இருப்பது தெரிந்தது. எவ்வளவு நுணுக்கிப் பார்க்கிறோமோ அவ்வளவு நெரிசல். மூன்று குண்டும் நிறைய வெற்றிடமும் இருக்கும் படம் இதற்கு நேர் எதிரானது.

அப்புறம் நிறம். குவார்க்கின் 'சிவப்பு, பச்சை, நீலம்' என்பது ஒரு வகை மின்னூட்டத்துக்கு இயற்பியலாளர்கள் வைத்த பெயர். கண்ணில் படும் நிறத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒருமுறை என் ஸ்லைடில் முதல் பக்கத்தில் புரோட்டான் சிவப்பு, நியூட்ரான் நீலம் என்று இருந்தது. நாலு பக்கம் தள்ளிக் குவார்க்குகளுக்கும் அதே சிவப்பு, அதே நீலம். கடைசி வரிசைப் பெண் எழுந்து, "சிவப்புப் புரோட்டானுக்குள் எப்படி நீலக் குவார்க் வந்தது? பக்கத்து நியூட்ரானிலிருந்து நழுவி விழுந்ததா?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. என் படங்களை மட்டும் பார்த்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அன்றிலிருந்து புரோட்டான், நியூட்ரான்களைச் சாம்பல் நிறத்தின் இரண்டு சாயல்களில் போடுகிறேன். நிறத்தைக் குவார்க்குக்கு மட்டும் விட்டுவைக்கிறேன்.

எப்போது நல்லது: மின்னூட்டக் கணக்கு. எந்தத் துகளில் எந்தக் குவார்க் என்ற பட்டியல். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## மேகப் படம்: நிகழ்தகவை வரைவது

1926-இல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் சமன்பாட்டைக் கொடுத்தார். அதே வருடம் மாக்ஸ் போர்ன் அதில் வரும் அலைச்சார்பை நிகழ்தகவாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மேகப் படம் அந்தக் கணக்கிலிருந்து நேராக வருவது. எலக்ட்ரான் கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ள இடம் அடர்த்தியாகவும், குறைவான இடம் மங்கலாகவும் தெரியும். கற்பனை இல்லை, கணக்கு. வளையப் படத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு.

ஒன்று, புள்ளிகள். மேகத்தைப் பல ஆயிரம் புள்ளிகளாகத் தூவிக் காட்டுவது வழக்கம். ஹைட்ரஜனில் இருப்பதோ ஒரே எலக்ட்ரான். படத்தில் ஐயாயிரம் புள்ளி இருந்தால், பார்ப்பவர் ஐயாயிரம் எலக்ட்ரான் என்றோ, ஒரே எலக்ட்ரான் தூளாகிச் சிதறிக்கிடக்கிறது என்றோதான் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அளவீடு, ஒவ்வொரு முறையும் புதிய அணுவில் தேடியபோது எலக்ட்ரான் அகப்பட்ட இடம் என்று சொன்னால்தான் படம் வேலை செய்யும்.

இன்னொன்று, தோல். டம்பெல் வடிவம், தாமரை இதழ் வடிவம் என்று பளபளப்பான மேற்பரப்போடு ஆர்பிட்டால்களை, அதாவது இந்த எலக்ட்ரான் மேகங்களை, வரைவார்கள். அந்த மேற்பரப்பு வரைந்தவர் தேர்ந்தெடுத்த வெட்டு. 'இதற்குள் எலக்ட்ரான் கிடைக்க 90 சதவீத வாய்ப்பு' என்ற இடத்தில் கோடு போட்டிருப்பார்கள். 80 என்று வைத்தால் உருவம் சுருங்கும், 95 என்று வைத்தால் ஊதும். மேகத்துக்கு விளிம்பு கிடையாது. ஹைட்ரஜனில் போர் போட்ட அந்தப் பழைய வளையத்தின் ஆரத்துக்குள் எலக்ட்ரான் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 32 சதவீதம்தான், மீதி அதற்கு வெளியே. இந்த ஒற்றை எண் பல விளக்கங்களைவிட உதவியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதழ்களுக்கு இரண்டு நிறம் பூசியிருந்தால் அது அலைச்சார்பின் கூட்டல், கழித்தல் குறி. மின்னூட்டம் என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

2013-இல் நெதர்லாந்தில் ஒரு குழு ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை லேசரால் பிரித்தெடுத்து, அவை விழுந்த இடங்களைத் தொகுத்து, ஆர்பிட்டாலின் வளைய அமைப்பைத் திரையில் வெளிக்கொண்டுவந்தது. மேகம் கணக்கில் மட்டும் இருப்பதில்லை, அளவீட்டிலும் வருகிறது என்று காட்ட இது நல்ல துணை. அந்தப் படமும் பற்பல அணுக்களின் தொகுப்புதான், ஒற்றை அணுவின் புகைப்படம் அல்ல.

எப்போது நல்லது: அணுவின் அமைப்பு, வேதிப் பிணைப்பு, நிகழ்தகவு. பார்ப்பவர் ஓரிரு நிமிடம் நின்று கேட்கத் தயாராக இருக்கும்போது.

## தடப் படம்: துகள் விட்டுச் சென்றது

இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

சார்லஸ் வில்சன் 1911-இல் மேக அறையில் முதல் துகள் தடங்களைப் படமெடுத்தார். ஈரம் நிறைந்த காற்றில் மின்னூட்டமுள்ள துகள் பாய்ந்தால், வழி நெடுக அணுக்களை அயனியாக்கிக்கொண்டு போகும். அந்த அயனிகளின் மேல் நீர்த்துளிகள் கோத்துக்கொள்ளும். அதிகாலையில் சிலந்தி நூலில் பனி கோத்துக்கொள்வது மாதிரி. 1952-இல் டொனால்டு கிளேசர் துளிகளுக்குப் பதில் குமிழிகளை வைத்துக் குமிழி அறையை உருவாக்கினார். இவை உண்மையான புகைப்படங்கள். ஓவியர் கை இங்கே கிடையாது.

ஒரு படத்தை நெருங்கிப் பார்க்கலாம். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் எடுத்தது. வட்டமான மேக அறை, நடுவில் குறுக்காக 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயத் தகடு. கீழே இருந்து ஒரு மெல்லிய வளைகோடு வந்து தகட்டைத் தொடுகிறது. தகட்டுக்கு மேலே அதே கோடு தொடர்கிறது, ஆனால் வளைவு அதிகம். காந்தப்புலத்தில் ஆற்றல் குறைந்த துகள் அதிகமாக வளையும். ஈயத்தைக் கடக்கும்போது ஆற்றல் குறையும். ஆகவே அது கீழிருந்து மேலே போயிருக்கிறது. போன திசை தெரிந்துவிட்டால், வளைந்த பக்கத்தை வைத்து மின்னூட்டம் நேர் என்று சொல்லிவிடலாம். புரோட்டானாக இருக்குமா? அந்த வளைவுள்ள புரோட்டான் இவ்வளவு நீளம் ஓடியிருக்காது, வெகு சீக்கிரம் நின்றுபோயிருக்கும். எலக்ட்ரானைப் போன்ற ஒன்று, ஆனால் நேர் மின்னூட்டத்தோடு: பாசிட்ரான். எதிர்ப்பொருள் இருப்பதற்கு முதல் சாட்சி ஒரே ஒரு கோட்டில். வாசகருக்கு ஒரு ஸ்கேலும் மூன்று வாக்கியமும் கொடுத்தால் அவரே கண்டுபிடித்துவிடலாம்! வேறு எந்த வகைப் படமும் பார்ப்பவரை இப்படி உள்ளே அழைப்பதில்லை.

செலவு இல்லாமல் இல்லை. கோட்டின் தடிமன் துகளின் தடிமன் ஆகிவிடக்கூடாது. ஒவ்வொரு துளியிலும் எண்ணிலடங்கா மூலக்கூறுகள் இருக்கின்றன. மின்னூட்டம் இல்லாத துகள் தடமே விடாது, ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று 'வி' வடிவில் இரண்டு கோடு முளைத்தால்தான் அது வந்துபோனது தெரியும். இன்னொன்று: தடம் இருப்பதால் 'பார், பாதை இருக்கிறதே' என்று யாராவது சொல்லலாம். வழியெங்கும் துகளை மறுபடி மறுபடி அளந்துகொண்டே இருந்ததால் வந்த தடம் அது. அணுவுக்குள் அப்படி யாரும் அளப்பதில்லை.

இன்றைய முடுக்கிகளின் மோதல் படங்கள் இதன் வாரிசுகள், ஆனால் குணம் வேறு. செர்ன் ஆய்வகத்தின் முடுக்கியில் மோதல்களைப் பதிவு செய்யும் அட்லஸ் கருவி 46 மீட்டர் நீளம், 25 மீட்டர் விட்டம். அதில் பதிவாவது சிலிக்கான் சில்லுகள் உள்ளிட்ட உணரிகளில் எழும் மின்துடிப்புகள். அவற்றைக் கணினி கோடுகளாக இணைக்கிறது, நிறம் பூசுகிறது, ஆற்றல் குறைந்த நூற்றுக்கணக்கான தடங்களை மறைக்கிறது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது உலகமெங்கும் ஓடிய படங்களில் இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) எதிரெதிரே கிளம்புவதுபோல் இருந்தது. ஹிக்ஸ் அந்தப் படத்தில் எங்கும் இல்லை, அது எதையும் தொடும் முன்பே சிதைந்துவிட்டது. அந்த ஒரு மோதலை மட்டும் வைத்து 'இது ஹிக்ஸ்தான்' என்று யாரும் சொல்லவும் முடியாது. ஏராளமான மோதல்களைத் தொகுத்த வரைபடத்தில், 125 கிகா எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் எழுந்த ஒரு சின்ன மேடுதான் ஆதாரம். வண்ணமயமான மோதல் படத்தோடு அந்த மேட்டின் வரைபடத்தையும் போடுங்கள். தனியாகப் போட்டால் வாணவேடிக்கை மட்டும்தான் நினைவில் நிற்கும்.

இந்த வகையிலேயே எனக்கு மிகப் பிடித்தது 1989-இல் ஹிட்டாச்சி நிறுவனத்தில் தோனோமுரா குழு வெளியிட்ட ஐந்து படச்சட்டங்கள். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரட்டைப் பாதை அமைப்பின் வழியே அனுப்பி, திரையில் விழும் புள்ளிகளைப் பதிவு செய்தார்கள். சுமார் பத்துப் புள்ளி இருக்கும்போது கிறுக்கல். 200-லும் கிறுக்கல்தான். 6,000-த்தில் ஏதோ கோடு தெரிவதுபோல் ஒரு சந்தேகம். 40,000-த்தில் பட்டைகள். 1,40,000-த்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத அலைப் பட்டைகள். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே ஒரு புள்ளியாக வந்து விழுகிறது, எல்லாம் சேர்ந்து அலையாகின்றன. 'துகளா, அலையா' என்ற பழைய குழப்பத்துக்கு இதைவிட நேர்மையான படம் எனக்குத் தெரியாது.

எப்போது நல்லது: 'இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு. எந்த வயதினருக்கும், முதல் அறிமுகத்துக்கும்.

## கோட்டுப்படம்: ஃபெய்ன்மன் வரைபடங்கள்

1948-49-இல் ரிச்சர்டு ஃபெய்ன்மன் அறிமுகப்படுத்தியவை. நேர்கோடு எலக்ட்ரான், நெளிகோடு ஃபோட்டான். பார்க்க ஓட்டப்பாதை போலவே இருக்கும், ஆனால் ஒவ்வொரு படமும் ஒரு கணக்கின் ஓர் உறுப்பு. உண்மையான விடைக்கு இப்படிப் பல படங்களைக் கூட்ட வேண்டும். 'துகள் இந்த வழியே வந்து இங்கே மோதி இப்படித் திரும்பியது' என்று ஒற்றைப் படத்தைப் படிப்பது தவறு.

பீட்டா சிதைவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது நடுவில் அந்த மாற்றத்துக்குக் காரணமான டபிள்யூ போசான் என்ற துகளின் கோடு வருகிறது. அதைப் பந்து வீசுவதுபோல அனிமேஷன் செய்தால் என்ன ஆகும்? டபிள்யூ போசானின் நிறை புரோட்டானைப்போல் சுமார் 85 மடங்கு. தன்னைவிட 85 மடங்கு கனமான பந்தை நியூட்ரான் தூக்கி எறிகிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். கோடாகவே விட்டால் இந்தச் சிக்கல் வராது.

எப்போது நல்லது: எது எதாக மாறுகிறது, மின்னூட்டம் சமமாக இருக்கிறதா என்று காட்டும்போது. இந்த வேலையில் இதற்கு இணை இல்லை. நேரம் மேல்நோக்கியா, இடமிருந்து வலமா என்று ஓர் அம்பு போட மறக்காதீர்கள். இரண்டு வழக்கமும் உண்டு.

## புலப் படம்: அலையடிக்கும் விரிப்பு

இன்றைய கோட்பாட்டின்படி துகள் என்பது புலத்தில் எழும் அதிர்வு. அதனால் விரிப்பில் எழும் குமிழ் போன்ற அனிமேஷன் அதிகமாகி வருகிறது. எல்லா எலக்ட்ரான்களும் ஏன் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன, துகள் எப்படித் தோன்றி மறைய முடிகிறது என்பதற்கு இது அருமையான விடை. எல்லாம் ஒரே புலத்தின் அதிர்வுகள்தானே.

விரிப்பு இரு பரிமாணம், புலம் முப்பரிமாண வெளி முழுக்க இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மேலும் விரிப்பு 'எதனால்' ஆனது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் படத்தைப் போடாதீர்கள்.

கணக்கிட்டே செய்த புலப் படங்களும் உண்டு. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டெரெக் லைன்வெபர் குளுவான் புலத்தின் வெற்றிட அலைவுகளைக் கணினியில் கணக்கிட்டு அனிமேஷனாகக் கொடுத்தார். வண்ணக் குழம்பு கொதிப்பதுபோல் இருக்கும். 2004 நோபல் உரையில் ஃபிராங்க் வில்செக் அதைக் காட்டினார். நிறங்கள் செயற்கைதான், ஆனால் உருவங்கள் சமன்பாட்டிலிருந்து வந்தவை. புரோட்டானின் நிறை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல, மூன்று குண்டுப் படத்தை எடுத்துவிட்டு இதை வைத்துப் பாருங்கள். பேச்சே வேறு திசையில் போகும்.

## ஒரே பார்வையில்

| படம் | எங்கிருந்து வந்தது | எதற்கு ஏற்றது | மறைவான செலவு |
|---|---|---|---|
| வளையம் | 1913 மாதிரி | எலக்ட்ரான் எண்ணிக்கை | திட்டமான பாதை என்ற எண்ணம் |
| உருண்டை | கற்பனை | மின்னூட்டக் கணக்கு | நிறம், நிறை, வெற்றிடம் மூன்றும் தவறு |
| மேகம் | கணக்கு | அணு அமைப்பு, பிணைப்பு | புள்ளியும் விளிம்பும் விளக்கம் கேட்கும் |
| தடம், புள்ளிகள் | அளவீடு | எப்படித் தெரியும் என்ற கேள்வி | பார்க்கக் கற்றுக்கொடுக்க நேரம் |
| கணினி மோதல் படம் | அளவீடும் தேர்வும் | முடுக்கிச் செய்திகள் | ஒரு மோதலே ஆதாரம் என்ற எண்ணம் |
| கோட்டுப்படம் | கணக்கின் குறியீடு | மாற்றங்கள் | ஓட்டப்பாதையாகப் படிப்பது |
| புலம் | உவமை அல்லது கணக்கு | தோற்றம், மறைவு, நிறை | விரிப்பு எதனால் ஆனது? |

பதினேழு கட்டங்கள் கொண்ட அடிப்படைத் துகள் அட்டவணையை இதில் சேர்க்கவில்லை. அது படமே இல்லை, பெயர்ப்பட்டியல். பட்டியல் தேவைப்படும்போது தயங்காமல் போடலாம்.

## அசையும் படமா, நிலையான படமா

அனிமேஷன் செய்யும்போது எல்லோருக்கும் கை அரிக்கும் ஒரு விஷயம் உருண்டையைச் சுழலவிடுவது. துகளுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தத்துக்கு ஸ்பின் ('சுழற்சி') என்று வைத்த பெயர்தான் காரணம். எலக்ட்ரானை ஒரு குட்டி உருண்டையாக எடுத்து, அதற்குத் தேவையான கோண உந்தம் வர எவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று கணக்கிட்டால், மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். 1925-இல் ஸ்பின் கருத்து வந்தபோதே இயற்பியலாளர் லோரென்ட்ஸ் இதைச் சுட்டிக்காட்டினார். ஓர் அம்புக்குறி போதும், மேல் நோக்கி அல்லது கீழ் நோக்கி. பம்பரம் வேண்டாம்.

பொதுவாகச் சொன்னால், அசைவு சேர்ந்தால் தவறும் வலுவாகப் பதிகிறது. நிலையான வளையத்தைக் குறியீடு என்று எடுத்துக்கொள்பவர்கூட, அதே வளையத்தில் மணி ஓடினால் அதை நடப்பு என்று நம்பிவிடுகிறார். நேரம் குறைவென்றால் அனிமேஷனைக் கைவிடுங்கள். அதற்குச் செலவாகும் நாட்களில் பழைய மேக அறைப் படத்தில் நாலு அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிடலாம்.

## அப்போது எதை எடுப்பது

ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம், பார்ப்பவருக்கு முன்னறிவு கிடையாது என்றால், தடப் படம். மர்மமாக இருந்தாலும் பொய் குறைவு.

வேதியியல் பாடம் என்றால் வளையத்தை எண்ணிக்கைக்கும் மேகத்தை வடிவத்துக்கும் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டினால், மேகத்துக்குள் மணி ஓடும் கலவை ஒன்று கிடைக்கும். அதுதான் நான் பார்த்ததிலேயே மோசமானது, ஏனென்றால் நவீனமான படம்போலத் தோன்றும்.

புரோட்டானுக்குள் போக வேண்டும் என்றால் மின்னூட்டத்துக்கு மட்டும் மூன்று குண்டு, உடனே அடுத்ததாகக் குளுவான் புலம். இடையில் இடைவேளை விடாதீர்கள்.

செய்தி எழுதுகிறீர்கள், முடுக்கியில் ஏதோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் மோதல் படமும் மேட்டு வரைபடமும். உருண்டைகள் வெடிக்கும் ஓவியம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும். தொடாதீர்கள்.

எதை எடுத்தாலும் படத்தின் அடியில் ஒரு வரி: 'புகைப்படம்', 'கணக்கிட்ட படம்', 'கற்பனை, அளவு விகிதப்படி இல்லை'. மூன்றில் ஒன்று. எழுத பத்து விநாடி ஆகாது.

ஒரு மணி நேரம் கிடைத்தால் நான் தோனோமுராவின் படச்சட்டங்களிலிருந்துதான் தொடங்குகிறேன். இரண்டாவது படச்சட்டத்தில், 200 புள்ளிகளோடு நிறுத்திவிட்டு, "அடுத்த புள்ளி எங்கே விழும்?" என்று கேட்பேன். ஒவ்வொரு விரலும் திரையில் ஒவ்வோர் இடத்தைக் காட்டும். சிலர் யோசித்துவிட்டுக் கையை இறக்கிக்கொள்வார்கள். கடைசிப் படச்சட்டத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டால், "இந்தப் பட்டையில் விழலாம், அந்த இருட்டில் விழாது" என்று அவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் மேகப் படத்தைத் திரையில் போடுகிறேன்.